அந்த டயரை முதல் ஆள் ஏன் கழற்றினார்?

பழைய டயர் கடையில் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். எவ்வளவு விலை? இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. டயரின் மேற்பரப்பில் புடைத்திருக்கும் பட்டன் இவ்வளவு நன்றாக இருக்கும்போது, இதை வைத்திருந்தவர் ஏன் கழற்றிப் போட்டார்?

சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து சிறு ஊர்களின் பைபாஸ் ஓரம் வரை, பாலிஷ் பூசி அடுக்கிய செகண்ட் ஹேண்ட் டயர்களுக்கு வாடிக்கையாளர் குறைந்ததே இல்லை. காரணம் புரியாததல்ல. பள்ளிக் கட்டணம் கட்டிய மாதத்தில் நான்கு டயரும் ஒன்றாகத் தேய்ந்து நின்றால், புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் பழசைத்தான் கை தேடும். வாடகை கார் ஓட்டுபவருக்கு வண்டி ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். இவர்களைப் பார்த்து 'உயிரைவிடப் பணம் பெரிதா' என்று கேட்பது அநியாயம். காசு கொடுத்து அவர்கள் எதை வாங்குகிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான் உதவி.

நல்ல பட்டனோடு ஒரு டயர் கடைக்கு வர நான்கைந்து வழிகள்தான் உண்டு. புது வண்டி எடுத்த வாரமே அலாய் வீலும் அகல டயரும் போட்டுக்கொள்பவர்கள், கம்பெனி டயரைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வியாபாரத்தில் உருப்படியான சரக்கு அதுதான். வந்த வேகத்தில் விற்றும்போகும். விபத்தில் நொறுங்கி, பிரித்து விற்கப்பட்ட வண்டியிலிருந்து வருவது இன்னொரு வகை. பள்ளத்தில் பலமாக அடி வாங்கியதாலோ, ஓடும்போது ஸ்டியரிங் உதறத் தொடங்கியதாலோ கழற்றப்பட்டவை வேறு. கடைசி வகையைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை: ஓடாமலேயே வயதான டயர். வயதான தம்பதியின் கார் ஒன்று கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய்வருகிறது, ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டில் 24,000. பட்டன் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். டயரின் பக்கச் சுவரான சைடு வாலில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று மெக்கானிக் சொல்லி மாற்றிவிடுவார். கழற்றிய டயர் கடைக்குப் போகும். அங்கே அடுக்கியிருக்கும் வரிசையில் எடுப்பாகத் தெரிவது அதுதான்.

ஆக, ஆழமான பட்டனைக் கண்டு மகிழ வேண்டிய நாம், பழைய டயர் கடையில் மட்டும் அதைக் கண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

"அண்ணே, இது எந்த வருஷத்து டயரு?"

"வருஷம் எதுக்கு தம்பி? பட்டனைப் பாருங்க, புதுசு மாதிரி நிக்குது."

இந்தப் பேச்சு எந்தக் கடையிலும் நடக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பட்டன் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் வருஷம் டயரிலேயே எழுதியிருக்கிறது. சைடு வாலில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். பெரும்பாலும் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் பொறிக்கப்பட்டிருக்கும். டயரை வீலில் மாட்டியே காட்டினால் அந்தப் பக்கம் உள்ளே போயிருக்கலாம். திருப்பிக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

வயது ஏன் அவ்வளவு முக்கியம்? ரப்பர் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் கூட்டம். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது அந்தச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் விழுகின்றன. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும் குணம் அதனால் வருகிறது. ஆலையை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த வேதியியல் நிற்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல உள்ளே புகுந்து சில சங்கிலிகளை அறுக்கிறது, வேறு சில இடங்களில் தேவையில்லாத புதுப் பாலங்களைப் போடுகிறது. ரப்பர் இறுகுகிறது, நீளும் திறனை இழக்கிறது. மேசை இழுப்பறையில் தொடாமலே கிடந்த ரப்பர் பேண்ட், எடுத்து இழுத்ததும் பட்டென்று அறுவது இதனால்தான். டயரில் இதைத் தள்ளிப்போட ஆக்சிஜனையும் ஓசோனையும் தடுக்கும் வேதிப்பொருள்களும் மெழுகும் கலக்கிறார்கள். டயர் ஓடி நெளியும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து காப்புப் பூச்சாகப் படிகின்றன. மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் காரின் டயருக்கு அந்த நெளிவும் கிடைப்பதில்லை.

பெரிய தாக்குதல் உள்ளிருந்து வருகிறது. டயருக்குள் 33 பி.எஸ்.ஐ. காற்று அடைத்தால், உள்ளே ஆக்சிஜனின் அழுத்தம் வெளியில் உள்ளதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த ஆக்சிஜன் உள் பூச்சு ரப்பரைத் தாண்டி வெளிப்பக்கம் நோக்கி இரவும் பகலும் ஊடுருவிக்கொண்டே இருக்கிறது. வழியில்தான் இரும்புக் கம்பி இழைகள் கொண்ட இரண்டு பெல்ட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ரப்பரால் ஒட்டப்பட்டுப் பட்டனுக்கு அடியில் கிடக்கின்றன. பெல்ட்டின் ஓரங்களில்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகத் திரிபு, அதிகச் சூடு. அங்கே ரப்பர் இறுகிவிட்டால் மயிரிழை அளவில் விரிசல் தொடங்கும், பெல்ட்டுக்கு இடையிலேயே பரவும். வெளியில் எதுவும் தெரியாது. ஒரு நாள் நாற்கரச் சாலையில், மதிய வெயிலில், வண்டி நிறைய ஆளும் சாமானும் இருக்கும்போது பட்டன் முழுவதும் பெல்ட்டோடு உரிந்து வரும். நாம் பொதுவாக 'டயர் வெடித்தது' என்று சொல்லும் விபத்துகளில் இப்படி உரிந்தவையும் உண்டு.

இதில் வெப்பம் பெரிய பங்காளி. பத்து டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. அமெரிக்கா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பட்டனும் பெல்ட்டும் பிரிந்து, வண்டிகள் உருண்டு, 271 பேர் இறந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு, குறைவான காற்று எல்லாவற்றுக்கும் அதில் பங்கிருந்தது. ஆனால் விபத்துகள் வெப்பமான தென் மாநிலங்களில் குவிந்திருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதே அமைப்பு 2007-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விவரம் இருக்கிறது. டெக்சஸ், கலிபோர்னியா, லூயிசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து சூடான மாநிலங்களில் இருந்தவர்கள் அதன் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம். டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அங்கிருந்து வந்தன. அவற்றில் 84 சதவீத டயர்கள் ஆறு வயதைத் தாண்டியவை. வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த எண்களைத் தங்களுக்கும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிரிட்டனில் பாடம் வேறு விதமாக வந்தது. 2012 செப்டம்பரில் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய சொகுசுப் பேருந்து ஒன்று, சர்ரி மாவட்டத்தில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. ஓட்டுநரோடு மூன்று பேர் இறந்தார்கள். வெடித்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கும் மேல். அந்தப் பேருந்தைவிட அதன் டயர் மூத்தது. வயதைக் காட்டி அதைத் தடுக்க அன்று சட்டம் இல்லை. இறந்தவர்களில் ஒருவரான மைக்கேல் மொலாயின் அம்மா ஃபிரான்சஸ் மொலாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரியிலிருந்து அங்கே லாரி, பேருந்துகளின் முன் சக்கரங்களில் பத்து வயதைத் தாண்டிய டயர் ஓடக் கூடாது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-வது விதி, கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும் என்கிறது. வயதைப் பற்றி அதில் பேச்சில்லை. வெயில் குறைந்த நாடே விழித்துக்கொண்ட விஷயத்தில் நாம் இன்னும் பேசாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பட்டன் ஆழத்துக்கு வருவோம். காய்ந்த தார் சாலையில் பட்டன் அவ்வளவு முக்கியமே இல்லை. பந்தயக் கார்கள் மொட்டை டயரில்தான் ஓடுகின்றன. பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் இருப்பது மழைக்காக. சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், வேகம் 80 கிலோமீட்டர் என்றால், ஒவ்வொரு முன் டயரும் நொடிக்குச் சுமார் 11 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து அகற்றியாக வேண்டும். ரப்பரின் ஒரு பகுதி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் நொடியில் சுமார் 150-ல் ஒரு பங்கு. அதற்குள் வெளியேறாத தண்ணீர் அடியில் சிக்கி, வண்டியையே தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லை. விமானச் சக்கரங்களை வைத்து 1960-களில் நாசா ஆய்வாளர்கள் கண்ட சூத்திரத்தின்படி, 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள வழவழப்பான டயர் மணிக்கு 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்று 24-க்கு இறங்கியிருந்தால் 82 போதும். தட்டையான, அகலமான கார் டயர் இதைவிடக் குறைந்த வேகத்திலும் மிதக்கும். அதனால் சட்டம் சொல்லும் 1.6 என்பது அபராதம் கட்டாமல் தப்பிக்க உதவும் அளவு. மழையில் ஓட்டுகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே டயரை மாற்றிவிட வேண்டும்.

இப்போது காசுக் கணக்கு. புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். மாட்டுக்கூலியும் பேலன்சிங்கும் சேர்த்து விலை 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 வரை ஓட்டினால் கையில் கிடைப்பது 5 மில்லிமீட்டர், ஒவ்வொன்றும் 900 ரூபாய். பழைய டயர் 1,500 ரூபாய், ஆழம் 5 என்றால் ஓட்டக்கூடியது 2 மில்லிமீட்டர்தான். மாட்டுக்கூலி, பேலன்சிங் 250 சேர்த்தால் மில்லிமீட்டர் ஒன்று 875 ரூபாய். மிச்சம் வெறும் 25 ரூபாய். ஆழம் 4 ஆக இருந்தால் அந்த ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு 1,750 ரூபாய் கொடுக்கிறோம். அதுவும் சீக்கிரம் தேய்ந்து, மாட்டுக்கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். பழசு லாபம் என்ற கணக்கு நிற்பது, மொட்டையாகும் வரை ஓட்டத் தயாராக இருப்பவருக்கு மட்டும்தான்.

இதிலும் ஏமாற்று உண்டு. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை மறுபடி வெட்டி, பட்டன் இருப்பதுபோல் காட்டுவது. லாரி டயர்கள் சிலவற்றை அப்படி வெட்டவென்றே கூடுதல் ரப்பர் வைத்துச் செய்கிறார்கள், அதைச் சைடு வாலிலும் குறிப்பிட்டிருப்பார்கள். கார் டயரில் அந்த வசதி கிடையாது. வெட்டினால் கத்திக்கும் பெல்ட்டுக்கும் இடையில் மிஞ்சுவது மெல்லிய தோல்தான். கண்டுபிடிப்பது எளிது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்கே ஒரு சிறு மேடு இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். மீண்டும் வெட்டிய டயரில் அந்த மேடு அறுபட்டிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். பள்ளத்தின் ஓரமும் நேராக இருக்காது.

டயரின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று இறங்கிய நிலையில் ஓடிய டயர் என்றால் உள்ளே சைடு வாலைச் சுற்றி மடிப்புக் கோடு தெரியும், சில சமயம் ரப்பர் தூள் கையில் ஒட்டும். அப்படிப்பட்டது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சைடு வாலில் வீக்கம் இருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. சைடு வாலில் பஞ்சர் போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். பாலிஷை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ரப்பரை வளைத்து, முடிக்கோடு போன்ற வெடிப்புகளைத் தேடுங்கள். இவ்வளவு பார்த்தும் பெல்ட்டுக்கு இடையில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாது. அதைக் காணக் கடையில் கருவி இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வந்த வழி தெரிந்த டயரை வாங்கலாம்: உறவினரோ நண்பரோ புது வண்டியில் கழற்றியது, மூன்று வயதுக்கு உட்பட்டது, அளவும் சுமை எண்ணும் உங்கள் வண்டிக்குப் பொருந்துவது. வழி தெரியாத டயரை, பட்டன் எப்படி இருந்தாலும், குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரில் போடக் கூடாது. ஸ்டெப்னிக்கு மட்டும் என்று வாங்குபவர்களும் தேதியைப் பார்க்க வேண்டும். பஞ்சராகி ஸ்டெப்னியை மாட்டுவது பெரும்பாலும் தொலைதூரப் பயணத்தில்தான்.

கையில் காசு குறைவு, நான்கும் தேய்ந்துவிட்டது என்றால், நான்கு பழசு வாங்க வைத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பெயர் பெரிதில்லாத கம்பெனியாக இருந்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இரண்டு புது டயர் வாங்குங்கள். மிச்ச இரண்டையும் அடுத்த மழைக்குள் மாற்றிவிடலாம். அந்தப் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, அங்கே போடுவதுதான் சரி என்று கடையில் சொல்வார்கள். ஆனால் முன் டயர் தண்ணீரில் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடி விட்டால் வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னால் வரும். பழக்கமில்லாத ஓட்டுநரால் அதை நிறுத்த முடியாது.