காட்டில் சருகைக் கூட்ட வேண்டாம்

திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து தென்கிழக்கே, அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டிக் காசம்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள வீரகோவில் காட்டை 2025 மார்ச்சில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து, தமிழ்நாட்டில் இந்தச் சிறப்பைப் பெற்ற இரண்டாவது இடம் அது. பரப்பு 4.97 ஹெக்டேர், நம் கணக்கில் 12 ஏக்கருக்குச் சற்று மேல். போவதற்கு முன்னால், அங்கே எதைப் பார்க்கப்போகிறோம் என்று பேசிவிடுவோம்.

கோயில் காடு என்றதும், நடுவில் ஒரு கோபுரமும் அதற்கு அழகாகச் சுற்றிலும் மரங்களும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். இங்கே அப்படியில்லை. சாமி வீரணன். அவர் குடியிருப்பதே இங்குள்ள காயா மரங்களில்தான் என்பது ஊராரின் நம்பிக்கை. காசா என்றும் சொல்லும் இந்தச் சிறு மரம் எந்தக் காலத்திலும் இலையோடு நிற்கும். கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப் பூ வைக்கும். மரமே சாமியின் வீடு என்றால் அதில் யார் அரிவாளை வைப்பார்கள்?

இப்போது, நம் எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். கோயில் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டும், புதரை வெட்ட வேண்டும், முடிந்தால் தரைக்கு சிமென்ட் பூச வேண்டும் என்று நினைக்கிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். வீட்டு வாசலுக்கு அது சரியான பழக்கம். காட்டுக்கு அது பட்டினி.

ஏன் என்று பார்ப்போம். தண்ணீர்ப் பானையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவோம் அல்லவா? மண்ணுக்குச் சருகுதான் அந்தச் சாக்கு. திண்டுக்கல் வெயில் நேரடியாகத் தரையில் விழாமல் அது தடுக்கிறது. மழை பெய்தால் துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால் மண் கரைவதில்லை; தண்ணீர் நின்று நிதானமாக உள்ளே இறங்குகிறது.

அடுத்த வேலை அடியில் நடக்கிறது. கரையானும் மண்புழுவும் பூஞ்சைகளும் சருகைத் தின்று மட்க வைக்கின்றன. இலையில் இருந்த சத்து மறுபடி வேருக்கே போய்ச் சேருகிறது. விழுந்த விதை அந்த ஈரத்தில்தான் முளைக்கிறது. சருகை அள்ளிவிட்டால் பெரிய மரங்கள் சில காலம் நிற்கும். ஆனால் அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய கன்றுகள் இருக்காது. வெளியே தெரியாமல் காடு கிழடாகிவிடும்.

இதைத் தெரிந்தே நடத்துகிற ஓர் ஆலயம் ஜப்பானில், டோக்கியோ நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. மெய்ஜி ஆலயம் என்று பெயர், 1920இல் திறந்தார்கள். சுற்றியுள்ள சுமார் 70 ஹெக்டேர் காட்டைப் பார்ப்பவர்கள் ஆதிகாலத்துக் காடு என்றே எண்ணுவார்கள். உண்மையில், நாடு முழுவதிலுமிருந்து மக்கள் கொடுத்த ஏறத்தாழ 1 லட்சம் மரங்களை நட்டு உருவாக்கியது அது. ஹோண்டா செய்ரோகு என்ற வனவியல் அறிஞரும் அவர் குழுவினரும், மனிதர் உதவியில்லாமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் காடாக அதைத் திட்டமிட்டார்கள். அங்கேயும் நடைபாதையைத் தினமும் பெருக்குகிறார்கள். ஆனால் பெருக்கிய இலைகளைக் குப்பைக்கு அனுப்புவதில்லை. மரத்தடிக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்கள்.

காசம்பட்டிக்கு வந்திருக்கும் அரசு அறிவிப்பால் ஊராரின் வழிபாடு நின்றுவிடுமோ என்று சிலர் கவலைப்படலாம். அந்தக் கவலை வேண்டாம். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது, மக்களின் பழைய வழக்கங்களை மதித்து அவர்களோடு சேர்ந்து இடத்தைக் காக்கும் ஏற்பாடு.

நீங்கள் போகும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் முறையைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஒரு சுள்ளியைக்கூட வெளியே எடுத்துவராதீர்கள். உங்கள் குலதெய்வக் கோயிலைச் சுற்றிப் பத்து மரம் நின்றாலும் போதும், அவற்றின் அடியில் கிடக்கும் சருகு அங்கேயே கிடக்கட்டும் என்று பூசாரியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.