கப்பலேறும் வண்டிக்குக் கூலி எப்படி?

வெளிநாட்டிலிருந்து காரோ படகோ கொண்டுவர நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "கிலோவுக்கு எவ்வளவு?" என்பதுதான். மும்பையில் நெடுங்காலமாக இரும்பு வியாபாரம் செய்கிறவன் என்பதால் அந்தக் கேள்வி எனக்குப் புரிகிறது. இரும்புச் சுருளுக்கு எடைதான் கணக்கு. வண்டிக்கு அது செல்லாது. அங்கே கப்பல்காரர் விற்பது இடம்.

கடல் வாணிபத்தில் ஒரு கன மீட்டரையும் ஒரு மெட்ரிக் டன்னையும் சமமாக வைத்து, எது கூடுதலோ அதற்குக் கூலி போடுவது வழக்கம். 'டன்' என்ற சொல்லே திராட்சை மதுப் பீப்பாயின் பெயரிலிருந்து வந்ததுதான். (மதுவைத் தொடாத எனக்கும் இந்தச் சொல்லாராய்ச்சி பிடிக்கும்!) கப்பலில் எத்தனை பீப்பாய் அடுக்கலாம் என்பதே அன்றைய அளவு. பின்னாளில் 40 கன அடியை ஒரு சரக்கு டன் என்றார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஓட்டியே ஏற்றி இறக்கும் 'ரோ-ரோ' கப்பலில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குவார்கள். இன்னோவா கிரிஸ்டா 4.735 மீட்டர் நீளம், 1.83 அகலம், 1.795 உயரம்; பெருக்கினால் 15.55 கன மீட்டர். எடை இரண்டு டன்கூட இல்லை. ஆகவே கூலி 15.55-க்குத்தான். கன மீட்டருக்கு 40 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 622 டாலர். மேலே 15 சென்டிமீட்டர் உயரத்தில் சாமான் கம்பி இருந்தால் இன்னும் 52 டாலர்! கழற்றி வைக்க அரைமணி ஆகுமா? அளப்பவர் காற்றையும் சேர்த்துத்தான் அளப்பார்.

கன்டெய்னரில் போட்டால் பெட்டிக்கு இவ்வளவு என்று மொத்த விலை. 20 அடிப் பெட்டியின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், அகலம் 2.35. ஒரு கார் போகும். மிச்ச இடம் காலியாகக் கிடந்தாலும் கூலி குறையாது. கட்டுவதற்கும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதற்கும் தனிக் கூலி.

படகுதான் வம்பு. இழுவை வண்டியோடு ஏறினால் கொக்கி முனையிலிருந்து பின் எஞ்சின் வரை நீளம், சக்கரத்தின் அடியிலிருந்து கண்ணாடி உச்சி வரை உயரம். அகலம் 2.35-ஐத் தாண்டினால் பெட்டிக்குள் நுழையாது. பக்கச் சுவர் இல்லாத தட்டுப் பெட்டியில் ஏற்றுவார்கள். வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பக்கத்தில் வேறு பெட்டி வைக்க முடியாது. அந்த இழந்த இடத்துக்கும் நம்மிடமே வாங்குவார்கள். தாங்கும் மரத் தொட்டிலுக்குப் பூச்சி நீக்கிய முத்திரை வேண்டும். பழைய படகானால், வாங்கிய விலையைக் கூலி மிஞ்சினாலும் வியப்பில்லை.

கடற்கூலி கணக்கின் முதல் வரிதான். எரிபொருள் கூடுதல், துறைமுகக் கையாளுதல், ஆவணக் கட்டணம், காப்பீடு எல்லாம் பின்னால் வரும். காப்பீட்டை விலை, காப்பீடு, கூலி மூன்றின் கூட்டுக்குமேல் பத்து சதவீதம் சேர்த்து எடுப்பது வழக்கம். சுங்க வரியும் இந்தக் கூட்டுத்தொகையின் மேல்தான். கூலி ஏறினால் வரியும் ஏறும். கூலிக்குச் சீட்டு இல்லையென்றால், 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிப்படி ஏற்றுமுன் விலையில் 20 சதவீதத்தைக் கூலியாக எடுத்துக்கொள்வார்கள். குறைவாகக் கொடுத்தவர் சீட்டைத் தொலைத்தால் நட்டம்.

கோலாலம்பூரிலிருந்து திரும்பிய தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு, முகவர் கடற்கூலியை மட்டும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். வண்டி மும்பை வந்தபின் ஒரு காகிதம் குறைந்தது. இலவச நாட்கள் முடிந்து டெமரேஜ் ஓட ஆரம்பித்தது. பெண்ணின் கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தில்தான் வண்டியை மீட்டார்கள்.

நிரந்தரமாகக் கொண்டுவரும் பழைய காருக்கு இன்னொரு தடையும் உண்டு. தயாரித்து மூன்றாண்டுக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள துபாய்க் கார்களுக்கு அங்கேயே கதவு அடைபட்டது.

முகவருக்கு எழுதும்போது, "வீட்டு வாசல் வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை நாள் இலவசம், எந்தக் கட்டணம் இதில் அடங்காது?" என்று மூன்றையும் கேளுங்கள். டேப்பை எடுத்து நீங்களே அளந்து, படகானால் தொட்டிலோடு சேர்த்து அளந்து, அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். துறைமுகத்தில் மறுபடி அளப்பார்கள். கூலி அந்த அளவுக்குத்தான்.