அமைச்சர் கக்கன்: புகழில் மறைந்த பணிகள்

நம் இல்லங்களில் அரசியலைப் பற்றிப் பேச்செழும்போது, நேர்மைக்கு எடுத்துக்காட்டாகக் கக்கன் அவர்களின் பெயர் தவறாமல் வந்துவிடும். பத்தாண்டுக் காலம் அமைச்சராயிருந்தும் தமக்கென ஒன்றும் சேர்க்காதவர் என்று வியந்து கூறுவோம். அவ்வளவில் பேச்சு முடிந்துவிடும். அவர் எந்தெந்தத் துறைகளை வகித்தார், அவர் காலத்தில் நடந்தவை யாவை என்று நம் பிள்ளைகள் வினவினால், நம்மிற் பலரும் விழிப்போம். ஒருவருடைய வறுமையைப் போற்றிவிட்டுப் பணியை மறப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் 1908ஆம் ஆண்டு கக்கன் பிறந்தார். தீண்டாமைக் கொடுமையால் ஒதுக்கிவைக்கப்பட்ட குலம். தந்தையார் சிற்றூர்க் கோயிற் பூசாரி. தந்தை பூசை செய்த குடும்பத்தில் பிறந்தும், மீனாட்சியம்மன் சந்நிதியில் கால்வைக்க மகனுக்கு உரிமையில்லாத காலம் அது. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற சிறு குழுவினருள் ஒருவராகக் கக்கன் அக்கோயிலுக்குள் நுழைந்தார். அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டத்தின் காப்பும் கிடைத்தது. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அவர் சிறை புகுந்தார்.

விடுதலைக்குப் பின் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மதுரைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1957ஆம் ஆண்டு காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையையும் அரிசன நலத் துறையையும் ஏற்றார். அரிசன நலத்தோடு நிறுத்திவிடாமல், அணையும் கால்வாயும் அடங்கிய பெருந்துறையையும் காமராசர் அவரிடம் ஒப்படைத்ததை நாம் கருதிப் பார்க்கவேண்டும். ஊர்க் கிணற்றில் நீரெடுக்கவே தடைவிதிக்கப்பட்டிருந்த மக்களுள் ஒருவர், மாநிலத்தின் பாசன நீருக்கே பொறுப்பாளரானார்!

அவர் அப்பொறுப்பில் இருந்தபோதுதான் 1959ஆம் ஆண்டு வைகை அணை திறக்கப்பெற்றது. பல ஆண்டுகள் பலர் உழைத்த திட்டம் அது. ஒருவர் பெயரில் மட்டும் அதனை எழுதிவைத்தல் தகாது. எனினும் அதன் பயன் அவர் பிறந்த மண்ணையும் எட்டியது. மேற்கு மலையிலிருந்து வரும் பெரியாற்று நீர் வைகையிற் கலந்து, 71 அடி வரை நீர் தேக்கும் அவ்வணையில் நின்று, பின் கால்வாய் வழியே மேலூர் வயல்களுக்குச் செல்கிறது. வானம் பொய்த்த ஆண்டுகளில் மதுரை, இராமநாதபுரச் சீமைகளை விட்டு வேற்று மாநிலங்களுக்கு வந்த நம் குடும்பங்களுக்கு, நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1962இல் வேளாண்மைத் துறையையும், 1963இல் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது உள்துறையையும் கக்கன் ஏற்றார். இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அவ்வரசின் உள்துறை அமைச்சர் என்ற முறையில் அந்தப் பழியில் கக்கனுக்கும் பங்குண்டு. தனிவாழ்வில் தூய்மையான ஒருவர், அரசின் கடுமைக்கும் பொறுப்பாளராக நேரிடலாம். இரண்டையும் ஒருசேர நினைவிற் கொள்ளுதலே நடுவுநிலைமையாகும்.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு ஆட்சி வீழ்ந்தது, கக்கனும் தோற்றார். பதவி போனதும் வசதிகளும் போயின. பின்னாளில் நோயுற்று, மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் கவனிப்பாரின்றிக் கிடந்தார். வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதை அறிந்து, உதவிக்கு ஆவன செய்தார். 1981ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் கக்கன் மறைந்தார். பின்பு தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது.

அந்த மருத்துவமனைக் காட்சியைச் சொல்லிச் சொல்லி நாம் உள்ளம் உருகுகிறோம். அது கக்கனுக்குப் பெருமை, நமக்குப் பெருமையா? உழைத்தவருக்கு முதுமையில் ஒரு படுக்கை கிடைப்பதும் தற்செயலாய் அமையவேண்டியிருந்தது என்றால், அந்தக் குறை சமூகத்தினுடையது. அலுவலகங்களில் கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மனோர்க்கு இது எளிதில் விளங்கும்: கைசுத்தமாய் இருப்பது கடமை, அவ்வாறு இருந்தவரைக் கைவிடாதிருப்பது மற்றவர் கடமை.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் மேலூர் வழியே போக நேர்ந்தால், பிள்ளைகளுக்கு அந்த மணிமண்டபத்தைக் காட்டுக. கால்வாய் பாயும் வயல்களையும் காட்டுக. எளியவராய் வாழ்ந்தார் என்பதோடு நிறுத்தாமல், இன்ன இன்ன பணிகளைச் செய்தார் என்றும் கூறுக.