கல்வராயன் மலைத் தண்ணீரும் பிச்சாவரத்து இறாலும்

கல்வராயன் மலையில் நாலு நாள் மழை பிடித்தால் கச்சிராயபாளையம் டீக்கடைகளில் ஒரே விசாரிப்புதான்: கோமுகி எத்தனை அடி? 46 அடி தேக்கும் இந்த அணையை நம்பித்தான் சுற்றுவட்டார நெல்லும் கரும்பும். அணை நிரம்பி வழிந்தால் உபரி நீர் மணிமுத்தாற்றில் சேர்ந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. “வீணாப் போகுதே” என்று ஆதங்கப்படாத விவசாயி இல்லை.

அந்தத் தண்ணீருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் காவிரி டெல்டாவின் வடகோடியாக விரிகிறது பிச்சாவரம். சுரபுன்னையும் தில்லையும் அடர்ந்த அலையாத்திக் காடு. ஆற்று நீர் வந்து உப்பைத் தணித்தால்தான் மரம் செழிக்கும்; அதன் வேர்களுக்கிடையே இறால் குஞ்சுகள் வளரும். இங்குள்ள இருளர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுவைக்க ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே!

இந்தக் காட்டின் ஒரு பகுதி பட்டுப்போனபோது விறகு வெட்டுகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள் மீதே பழி விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்திருக்கிறார்கள். வெயிலில் காய்ந்த மண் உள்வாங்கித் தொட்டிபோல் ஆனது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு மட்டும் மிஞ்சியது. நட்ட கன்றெல்லாம் கருகியது.

தீர்வு வாய்க்கால்தான். 1990களில் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன் முள்போல் நடுவில் ஒன்றும் இருபுறமும் கிளைகளுமாக வெட்டினார்கள். ஓதநீர் வந்து போனது, உப்பு குறைந்தது, கன்றுகள் பிழைத்தன. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

பட்டியலில் ஏறியதோடு வேலை முடிந்துவிடாது. வாய்க்கால் தூர்ந்தால் பழைய உப்பு திரும்பும். மேலிருந்து நன்னீர் குறைந்தாலும் அதே கதி. அதனால் கோமுகியிலும், கொள்ளிடத்துக்குக் காவிரி நீர் வரும் மேட்டூர் அணையிலும் தண்ணீர்க் கணக்குப் போடும்போது, வயலுக்கு அடுத்த வரியில் முகத்துவாரத்துக்கும் ஒரு பங்கு எழுத வேண்டும்.