அல்பாக்கா: உரோமம் தரும் செல்வமும் ஒரு பாடமும்

பாலைவனத்து ஒட்டகத்தை நாம் அனைவரும் அறிவோம். அதன் குடும்பத்தைச் சேர்ந்த, திமில் இல்லாத ஒரு சிறு பிராணி பனி சூழ்ந்த மலைகளில் வாழ்வதை அறிவீர்களா? அல்பாக்கா என்பது அதன் பெயர்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரே அதன் தாயகம். உலகிலுள்ள அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெரு நாட்டில் உள்ளது. கடல் மட்டத்திற்கு 3,500 மீட்டருக்கும் மேலே, பயிர்த்தொழில் கைகொடுக்காத புல்வெளிகளில், எளிய குடும்பங்கள் அவற்றை மேய்த்துப் பிழைக்கின்றன. அடர்ந்த சுருள்மயிர் கொண்டது உவாக்காயா. சடைசடையாகத் தொங்கும் மயிர் கொண்டது சூரி. ஆண்டிற்கொருமுறை உரோமம் கத்தரிக்கப்படும். ஆட்டு உரோமத்திலுள்ள மெழுகுப் பசை இதில் மிகக் குறைவு; மென்மையும் கதகதப்பும் மிகுதி.

ஏறிய விலை, இறங்கிய விலை

1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அல்பாக்கா வளர்ப்பு தொடங்கியது. பண்ணையாளர் சங்கங்கள் தோன்றின. கண்காட்சிகளும் ஏலங்களும் நடந்தன. 1998-இல் இறக்குமதியான விலங்குகளுக்குப் பதிவேடு மூடப்பட்டது. நல்ல இனவிருத்தி விலங்கின் விலை பல்லாயிரம் டாலரைத் தொட்டது.

அந்த வருமானம் எங்கிருந்து வந்தது? உரோமத்திலிருந்து அன்று. பழைய பண்ணையாளர் குட்டிகளைப் புதியவருக்கு விற்றார். புதியவர் தமக்குப் பின் வருபவரை எதிர்பார்த்திருந்தார். உரோமத்தின் மதிப்பு இவ்விலையைத் தாங்காது என்று கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இலேயே எச்சரித்தனர். 2008-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலை சரிந்தது. சேமிப்பை முதலிட்ட குடும்பங்கள் தவித்தன. விலங்குகளை இலவசமாகக் கொடுத்தவர்களும் உண்டு.

நிலைத்து நிற்கும் வழி

குற்றம் விலங்கினுடையதா? இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில், பல பண்ணைகளின் உரோமத்தை ஒன்று திரட்டிக் காலுறைகளும் கம்பளி ஆடைகளுமாக ஆக்கும் ஏற்பாடு உருவானது. பெருவிலோ, தரம் பாராமல் எடைக்கு வாங்கும் இடைத்தரகர்களிடம் மேய்ப்பர்கள் நலிகின்றனர். கூட்டாகச் சேர்ந்து உரோமத்தைத் தரம் பிரித்து விற்கும் இடங்களில் அவர்களது கை சற்று ஓங்குகிறது.

எந்தக் கால்நடைத் தொழிலில் இறங்குமுன்னும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'இதன் விளைபொருளை வாங்குபவர் யார்?' 'உங்களைப் போல் இன்னொரு வளர்ப்பவர்' என்பதே விடையானால், பணப்பையைத் திறவாதீர்கள்!