நொய்யல் கரையோரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

“திருப்பூரில் பார்ப்பதற்கு என்ன ஐயா இருக்கிறது? பனியனைத் தவிர வேறு ஒன்றும் இல்லையே!”

வெளியூர்க்காரர்கள் இப்படிச் சொன்னால் பரவாயில்லை. திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். விடுமுறை என்றால் ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் கேரளம். நான்காவது ஊர் ஒன்று அவர்கள் வாயில் வராது.

பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். சனிக்கிழமை இரவு வாரச் சம்பளம் கைக்கு வரும். ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. துணி துவைத்து, காதர்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய் வந்து, ஒரு சினிமாவும் பார்த்துவிட்டால் பொழுது சாய்ந்துவிடும். தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் உண்டு. பத்து வருஷம் இங்கே இருந்தும், ரூமுக்கும் கம்பெனிக்கும் நடுவே உள்ள தெருவைத் தவிர வேறு எதுவும் அறியாதவர்கள் அவர்களில் ஏராளம்.

அவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று குழம்ப வேண்டாம். நொய்யல் ஆறு கிழக்கே போகிறது. நாமும் அதன் கூடவே கிழக்கே போவோம்.

ரயிலடியில் புறப்பாடு

திருப்பூர் ரயிலடிக்குப் பக்கத்திலேயே குமரன் நினைவகம் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அதைக் கடந்து போகிறார்கள். உள்ளே நுழைந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

1932-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி. கையில் கொடியுடன் ஊர்வலம் வந்த குமரன்மேல் போலீஸ் தடியடி விழுந்தது. மண்டை உடைந்து கீழே விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை அவர் விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 27.

அந்த நாளில் திருப்பூருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கதர். அகில பாரத நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இதுதான் தலைமையிடம். பனியன் தொழில் அப்போது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை. குமரனும் இந்த ஊர்க்காரர் அல்ல. பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்தான். அவர் பிறந்த ஊர் எது என்பதை மாலையில் பார்ப்போம். நம் பிரயாணம் அங்கேதான் முடியப்போகிறது.

ஊருக்கு நடுவே நொய்யல் ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைத் தாண்டி, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிற ஆறு இது. பாலத்தின்மேல் நின்று பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பதுண்டு. கொஞ்சம் பொறுங்கள். இந்த ஆற்றின் கதை கீழே போகப் போகத்தான் தெரியும்.

இமயத்தைத் தாண்டி வந்த விருந்தாளிகள்

ஊத்துக்குளி போகும் ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் என்று ஓர் ஊர். இங்கே இருக்கிற நஞ்சராயன் குளத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். குளம் என்று பெயரே தவிர, ஏரி என்றுதான் சொல்ல வேண்டும். பரப்பு 300 ஏக்கருக்கு மேல். நல்லாற்றின் தண்ணீர் இங்கே வந்து சேர்ந்து, பிறகு நொய்யலுக்குப் போகிறது. முற்காலத்தில் இதைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்ற அரசனின் பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

காலை ஆறரை மணிக்குக் கரையில் போய் நின்றால், அடடா! கூழைக்கடாக்கள் கப்பல் மாதிரி மிதக்கும். சங்குவளை நாரைகள் ஒற்றைக் காலில் தவம் செய்யும். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகளும் வருகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து புறப்பட்டு, இமயமலைக்கு மேலே பறந்து வருகிற வாத்துகள் இவை. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த அவற்றுக்குத் தெரிந்த விலாசம், பத்து கிலோ மீட்டருக்குள் இருக்கிற நமக்குத் தெரியவில்லை!

190-க்கும் மேற்பட்ட பறவை இனங்களை இங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் ‘ராம்சார்’ என்ற உலகப் பட்டியலிலும் இடம் பிடித்தது. உலகத்திலேயே முக்கியமான ஈர நிலங்களைச் சேர்த்து வைத்திருக்கிற பட்டியல் அது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளாஸ்டிக் பைகளைக் கரையில் விட்டு வராதீர்கள். கையைத் தட்டிப் பறவைகளை விரட்டி வேடிக்கை பார்க்கிற வழக்கமும் வேண்டாம்.

அதே ஊரில் சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பழமையான சிவாலயம். ராமாயணத்துச் சுக்ரீவன் பூஜித்த ஸ்தலம் என்பது ஐதீகம். இங்கே இரண்டு நந்திகள் இருப்பது விசேஷம். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கோயில் நந்தி ராத்திரியில் எழுந்துபோய் ஒரு விவசாயியின் பயிரை மேய்ந்ததாம். கோபம் கொண்ட விவசாயி அதன் காதையும் கொம்பையும் அறுத்துவிட்டார். மறுநாள் கோயிலில் பார்த்தால் கல் நந்திக்குக் காதும் கொம்பும் இல்லை! ஊனமான நந்தி வேண்டாம் என்று புதிதாக ஒன்றைச் செய்து முன்னால் வைத்தார்கள். விடிந்து பார்க்கும்போது பழைய நந்தியே முன்னால் வந்து உட்கார்ந்திருந்ததாம். அடிபட்டாலும் வேலையை விடாத நந்தி!

அடுத்தது ஊத்துக்குளி. வெண்ணெய்க்குப் பேர் போன ஊர். கைத்தமலை முருகன் கோயிலும் இங்கேதான். காலைச் சிற்றுண்டியை ஊத்துக்குளியில் வைத்துக்கொள்வது உத்தமம். சூடான தோசைமேல் ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டுக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஏற்றுமதி

இனிமேல் சொந்த வண்டி இருந்தால் சௌகரியம். நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்று ஒரு சின்ன கிராமம். கோட்டை கொத்தளம், கோபுரம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். காடு தோட்டங்கள், பனைமரங்கள், ஆங்காங்கே நட்டு வைத்த மாதிரி பெருங்கற்கள். அவ்வளவுதான். “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சங்க இலக்கியமான பதிற்றுப்பத்து, கொடுமணம் என்ற ஊரின் அணிகலன்களைப் புகழ்கிறது. அந்த ஊர்தான் இது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கே தோண்டிப் பார்த்தது. மண்ணுக்கு அடியில் ஒரு தொழில் நகரமே கிடந்தது! இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த தடயம், கல்மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகள். காங்கயம் பக்கத்துப் படியூரில் கிடைக்கும் பச்சை நிறப் பெரில் கற்களை இங்கே மணிகளாக்கினார்கள். ரோமாபுரிச் சீமாட்டிகள் அந்தக் கல்லுக்காக ஏங்கினார்கள். மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம். கிழக்கே சேரர்களின் கரூர். இரண்டையும் இணைத்த பெருவழியில் கொடுமணல் இருந்தது.

சூதுபவளக் கல் குஜராத் பக்கத்திலிருந்து இங்கே வந்திருக்கிறது. பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். அவற்றில் தமிழ்ப் பெயர்களோடு வடக்கத்திப் பெயர்களும் இருக்கின்றன. வடநாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள் என்று இன்று நாம் பேசுகிறோமே, அந்தச் சமாச்சாரம் நொய்யல் கரைக்குப் புதிதே அல்ல!

நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் சில்லுகளும் இங்கே கிடைத்தன. பனியன் நூலைத் தினமும் கையில் பிடிக்கிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம். செத்தவர்களைப் புதைத்த ஈமக்காடும் பக்கத்திலேயே இருக்கிறது. பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்லறைகளில், ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமாகத் துளை இட்டிருப்பார்கள். உயிர் போய் வர வாசல் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்ச நேரம் அங்கே பேசாமல் நின்று பாருங்கள்.

அணை சொல்லும் கதை

கொடுமணலுக்குச் சற்றுக் கிழக்கே ஒரத்துப்பாளையம் அணை. உல்லாசப் பிரயாணக் கட்டுரையில் இதை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும்.

வயலுக்குத் தண்ணீர் விடுவதற்காக, 1990-களின் துவக்கத்தில் பயனுக்கு வந்த அணை இது. அணை நிறைந்தது. ஆனால் நிறைந்தது தண்ணீர் மட்டும் அல்ல. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவும் சேர்ந்துதான். கிணறுகள் உப்பாயின. தென்னை கருகியது. அணை திறக்கவில்லையே என்று விவசாயிகள் போராடியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே “அணையைத் திறக்காதீர்கள்” என்று விவசாயிகளே கையெடுத்துக் கும்பிட்டார்கள்! இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

வழக்கு பல வருஷம் நடந்தது. 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. திருப்பூரே திகைத்து நின்றது. வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. பிறகு, கழிவை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகளோடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆறு முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பெரு நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கிறது நொய்யல். நாம் போட்டிருக்கிற சட்டையின் சாயம் எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த அணைக்கரையில் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

குமரன் பிறந்த ஊர்

வெயில் தாழ்ந்ததும் சென்னிமலைக்கு வந்துவிடலாம். கொடி காத்த குமரன் 1904 அக்டோபர் 4-ந் தேதி பிறந்த ஊர் இதுதான். நெசவாளர் குடும்பம். இன்றைக்கும் இங்கே தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். சென்னிமலைப் போர்வைகளுக்கு நாடு முழுவதும் கிராக்கி.

மலைமேல் முருகன். 1,320 படிகள். ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதையும் உண்டு. இரட்டை மாட்டு வண்டி ஒன்று 1984-ல் இந்தப் படிகளில் ஏறியதாகப் பக்தர்கள் மெய்சிலிர்க்கச் சொல்வார்கள். கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது இந்தச் சந்நிதியில்தான் என்பதும் அவர்கள் நம்பிக்கை. மாலைக் காற்று வீசும்போது மலையிலிருந்து பார்த்தால், காலையிலிருந்து நாம் கடந்து வந்த சமவெளி கண்ணுக்கு எட்டும் வரை விரிந்து கிடக்கும். இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போர்வை வாங்கிக்கொள்ளுங்கள். கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றொரு ஞாயிறு கிடைத்தால்? மேற்கே போகிறவர்கள் திருமுருகன்பூண்டியில் உளிச் சத்தத்தைக் கேட்கலாம். தெய்வச் சிலைகள் அங்கே ரோட்டோரத்துப் பட்டறைகளிலேயே உருவாகின்றன. அதைத் தாண்டினால், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட அவிநாசி.

கால்நடை பிரியர்கள் தென்கிழக்கே காங்கயம் பக்கம் போக வேண்டும். வழியில் சிவன்மலை. பக்தர் கனவில் முருகன் வந்து சொன்ன பொருளை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்வது அங்கே வழக்கம். போனமுறை மஞ்சள் என்றால் இந்தமுறை என்ன என்று ஊரே பேசும். காங்கயத்துக்கு அப்பால் பழையகோட்டை மாட்டுச் சந்தை. பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிற காங்கயம் கன்றுகளை அங்கே வரிசையாகக் காணலாம். சந்தை ஞாயிற்றுக்கிழமைதான். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நல்ல ஜோடிகளெல்லாம் கை மாறியிருக்கும்.