மூட்டைப்பூச்சியை ஒழிக்கும் வழி

மூட்டைப்பூச்சி பகலில் மெத்தையின் தையல் ஓரத்திலும் கட்டில் இடுக்கிலும் சுவர் விரிசலிலும் பதுங்கி, இரவில் ரத்தம் குடிக்கிறது. விரிப்பில் மைப்புள்ளி போலத் தெரிவது அதன் எச்சம். ரத்தமின்றியே பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும் என்பதால், அறையைச் சில வாரம் பூட்டிவைப்பதில் பயனில்லை. கடைகளில் கிடைக்கும் பைரித்ராய்டு மருந்துகளும் பல இடங்களில் பலிப்பதில்லை. பூச்சி அவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. வெப்பத்தை மட்டும் அதனால் தாங்க முடியாது. துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். கட்டிலைக் கழற்றி, ஒவ்வொரு இடுக்கிலும் நீராவியை மெதுவாகச் செலுத்த வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வைத்தியம் தீ விபத்துக்கே வழி. தப்பிய முட்டைகள் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் பொரித்துவிடும். ஆகவே இரண்டு வாரம் கழித்து அத்தனை வேலையையும் மறுபடி செய்தாக வேண்டும். இல்லையேல் முதல்முறை பட்ட பாடு வீண்.